புரதத்தைக் குறைத்தால் முதுகுக் கொழுப்பு ஏறுகிறதே, ஏன்?

பெகு பண்ணை:
அண்ணன்மாருக்கு வணக்கம். பன்றிகள் 60 கிலோ. கொட்டகை நாற்றத்துக்காகக் கடலைப் புண்ணாக்கைக் குறைத்து நொய்யைக் கூட்டினேன். தீவனப் புரதம் 17 சதவீதத்திலிருந்து 13க்கு இறங்கியது. 100 கிலோ தீவனத்துக்கு (நம்ம பர்மாக் கணக்கில் 61 வீசை) 450 கிராம் லைசின் தூள் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) சேர்க்கிறேன். நாற்றம் குறைந்தது. ஆனால் வளர்ச்சி மந்தம், கொழுப்பும் தடித்துவிட்டது. லைசினைக் கூட்டவா?

தட்டோன்காரன்:
வேண்டாம் தம்பி. லைசின் நிரம்பியதும் அடுத்த ஓட்டை த்ரியோனின், அதன்பின் டிரிப்டோபன், இவையும் அமினோ அமிலங்கள்தான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சதை வளராது, தின்றது கொழுப்பாகும். செரிக்கும் லைசின் 100 என்றால் த்ரியோனின் 65, மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்த்து 60, டிரிப்டோபன் 18, வாலின் 65க்குக் குறையாமல் வேண்டும். 50–75 கிலோ பன்றிக்குத் தீவனத்தில் செரிக்கும் லைசின் 0.85 சதவீதம். அப்போது த்ரியோனின் 0.55, டிரிப்டோபன் 0.15. 75ஐத் தாண்டினால் லைசின் 0.73 போதும்.

லைசின் மூட்டையில் என்ன வகை என்றும் பாருங்க. ஹைட்ரோகுளோரைடு என்றால் 78 சதவீதம் லைசின், 450 கிராமில் 350 கிடைக்கும். சல்பேட் என்றால் சுமார் 55 சதவீதம்தான், 250 கிராமோடு நின்றுவிடும். விலை மலிவு என்று வாங்கி ஏமாறுவது இங்கேதான். எள்ளுப் புண்ணாக்கு கலந்தால் மெத்தியோனினுக்குத் தனியாகக் காசு போடத் தேவைப்படாது. ஆனால் அதில் லைசின் ரொம்பக் குறைவு.

மோல்மேன் தவிடு:
கொழுப்புக்கு இன்னொரு காரணம் உண்டு. மிஞ்சிய புரதத்தை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளவே உடம்பு சக்தி செலவழிக்கும். புரதம் குறைந்ததும் அந்தச் சக்தி மிச்சம். அதோடு நொய்யின் மாவுச்சத்தும் சேர்ந்தால் முதுகில்தான் படியும். அதனால் நிகர சக்திக் கணக்கில் (செரிக்கவும் கழிக்கவும் செலவானது போக உடம்புக்கு மிஞ்சும் சக்தி) தீவனம் போடணும். நொய்யில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு எண்ணெய் எடுத்த தவிடு வையுங்க. எண்ணெய் எடுக்காத தவிடு வேண்டாம், சிக்குவாடை அடிக்கும், கொழுப்பும் இளகிப்போகும்.

பெகு பண்ணை:
நன்றி அண்ணே. எல்லாவற்றையும் அண்டாவில் கஞ்சியாகக் காய்ச்சித்தான் ஊற்றுகிறேன். ஒரு வேளைதான்.

தட்டோன்காரன்:
அடடா, அதை முதலில் சொல்லியிருக்கலாமே! தூளைக் கொதிக்கிற கஞ்சியில் போட்டால் லைசினில் ஒரு பகுதி சர்க்கரைச் சத்தோடு ஒட்டி வீணாகும். ராத்திரி ஊறவைத்தால் கிருமி தின்றுவிடும். கஞ்சி ஆறினபின், ஊற்றும் நேரத்தில் கலக்குங்க. தனி லைசின் ரத்தத்தில் சீக்கிரம் ஏறும், புண்ணாக்குப் புரதம் மெதுவாகத்தான் வரும். ஒரே வேளை போட்டால் இரண்டும் சேராது. மூன்று வேளையாகப் பிரியுங்க.

டிரிப்டோபன் 100 கிலோவுக்குச் சில பத்து கிராம்தான். முதலில் 2 கிலோ சலித்த தவிட்டில் பிசிறி, அதை 10 கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் கொட்டுங்க. நேராகப் போட்டால் ஒரு பன்றிக்கே எல்லாம் போய்விடும்.