பத்மினியா, 800-ஆ? மும்பை செம்பூர் குடும்பக் குழு

கணேஷ்: சித்தப்பா, பழைய கார் ஒண்ணு வாங்கப் போறேன். 1974 பிரீமியர் பத்மினி ஒண்ணு, 1988 மாருதி 800 ஒண்ணு. ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்றாங்க. எதை எடுக்கலாம்?

சுந்தர் சித்தப்பா: தினமும் ஓட்டவா?

கணேஷ்: ஞாயித்துக்கிழமை மட்டும். மழைல எடுக்க மாட்டேன்.

சுந்தர் சித்தப்பா: அப்ப இன்ஜினை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல தகரம். பத்மினில கதவுக்குக் கீழ ஓடற பட்டி, ஜாக்கி வைக்கிற இடம், கால்மிதியைத் தூக்கித் தரை. 800-ல பானெட்டைத் திறந்து முன் சஸ்பென்ஷன் வந்து உக்கார்ற மேல்பக்கம், டிக்கி தரை. மெல்லிசா துணி சுத்தின காந்தத்தை வச்சுப் பாரு. ஒட்டலேன்னா உள்ள புட்டி, அதாவது துரு ஓட்டையை மறைக்கப் பூசின பசை.

ராமு மாமா: இந்த ஊர் உப்புக் காத்துக்கு ரெண்டுமே துருதான். ஆனா பத்மினி தகரம் தடி, டிங்கரிங் தாங்கும். 800-ல வெல்டிங் வச்சா ஒரு ஓட்டை ரெண்டு ஓட்டையாகும் 😄

கணேஷ்: ஓட்டறதுக்கு?

ராமு மாமா: வேற வேற காலம்டா. பத்மினி 1089 சிசி, பின்சக்கரம் தள்ளும், ஸ்டீயரிங்ல கியர், நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். அட்ஜஸ்ட்மென்ட் ஒண்ணு மாறினாலும் பிரேக் போட்டா ஒரு பக்கம் இழுக்கும். 800 வெறும் 796 சிசி, மூணு சிலிண்டர், முன்சக்கரம் இழுக்கும், முன்னாடி டிஸ்க். எடையும் கம்மி, அதான் சுறுசுறுப்பு.

சுந்தர் சித்தப்பா: பத்மினி சயான் டிராஃபிக் ஜாம்ல நின்னுட்டா பயப்படாதே. பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலயே இருக்கு. சூட்டுல பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியைத் தள்ளும். ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் விடு. அப்பவும் வரலேன்னா டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடற பாயிண்ட்டைத் தேய்ச்சு, இடைவெளியைச் சரியா வச்சுப் பாரு. முன்சக்கரம் திரும்பற கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்க மறந்தா ஸ்டீயரிங் கல்லாயிடும்.

கணேஷ்: 800-ல?

சுந்தர் சித்தப்பா: இன்ஜின் வால்வை நேரத்துக்குத் திறக்க வைக்கிற டைமிங் பெல்ட். ஓடாத வண்டியானாலும் ரப்பர் காஞ்சிடும், வாங்கின கையோட மாத்து. ஸ்டீயரிங்கை முழுசா திருப்பி ஓட்டிப் பாரு, டக் டக்னா ஆக்ஸில் ஜாயின்ட் போச்சு. ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் வெளியேறியிருக்கும்.

ராமு மாமா: ரெண்டுக்குமே பெட்ரோல் ஓஸ், கார்புரேட்டர் கேஸ்கெட், பம்ப் டயாஃப்ரம் மாத்திடு. இப்ப வர்ற பெட்ரோல்ல 20% எத்தனால். பழைய ரப்பர் ஊறிப் பிஞ்சிடும், டேங்க் துரு கழண்டு வந்து கார்புரேட்டர் ஜெட்டோட சின்ன ஓட்டையை அடைக்கும். பார்ட்ஸை குர்லா சிஎஸ்டி ரோட்டுல தேடு.

லதா அத்தை: பேப்பர் விஷயம் யாரும் சொல்லலையே! 50 வருஷம் தாண்டினாதான் விண்டேஜ் வண்டின்னு தனியாப் பதியலாம். பத்மினிக்கு ஆகும், 800-க்கு ஆகாது. புதுப் பதிவு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா அப்படிப் பதிஞ்சா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பாக்க மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை ஜாலியா சுத்த முடியாது. சாதாரணப் பதிவையே புதுப்பிச்சுக்கோ.

சுந்தர் சித்தப்பா: அத்தை சொல்றது சரி. தரை நல்லா இருந்தா பத்மினி எடு. இல்லேன்னா 800. பாக்கப் போறப்ப வண்டியை முன்னாடியே சூடு பண்ணி வைக்க வேண்டாம்னு சொல்லிடு, ஆறின இன்ஜின்லதான் புகை தெரியும்.

கணேஷ்: காந்தம் எங்க வாங்கறது?

லதா அத்தை: உங்க ஃப்ரிட்ஜ் கதவுல திருப்பதி பெருமாள் ஒட்டியிருக்காரே, அவரைக் கூட்டிட்டுப் போ 🙏