வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம்: பிள்ளைகளை இருத்தி வைத்துக் கதைக்க விடலாமா?

கோண்டாவில் அம்மா:
நவம்பரில் டித்வா புயலோடு மகளின் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் ஏறியது, பிறகு இடம்பெயர்ந்த சனம் அங்கேயே தங்கியிருந்தது. அவள் சாதாரண தரம் எடுக்க இருக்கிறவள். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த உடனேயே வெளியிலிருந்து ஒரு குழு வந்து முழு வகுப்பையும் வட்டமாக இருத்தி, என்ன கண்டாய், எப்படிப் பயந்தாய் என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைத்திருக்கிறது. வீடு உடைந்த ஒரு பிள்ளை அழ, வகுப்பே அழுததாம். அன்றிரவு மகள் சாப்பிடவில்லை. அடுத்த கிழமையும் வருகிறார்களாம், சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். கையெழுத்து வைக்கலாமா?

வடமராட்சி வாத்தியார்:
வைக்காதீர்கள் தங்கச்சி. இப்போது தேவை காய்ந்த கொப்பியும் நேரசூசியும் பாடமும்தான். போர்க்காலத்தில், 1995 செப்டம்பர் 22 நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்து மாணவர்கள் செத்தார்கள், அடுத்த மாதக் கடைசியில் வலிகாமப் பகுதிச் சனமே இடம்பெயர்ந்தது. மரத்துக்குக் கீழே வைத்துப் படிப்பித்தோம். அந்தப் பிள்ளைகள் கம்பஸ் போனார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஒருவரையும் நாங்கள் வட்டத்தில் இருத்தி அழ விடவில்லை.

சுன்னாகம் சுதன்:
சேர், கையெழுத்து வேண்டாம் என்பதில் எனக்கும் அதே எண்ணம்தான், காரணம் வேறு. நான் உளவளத்துணை படித்தவன். எல்லாரையும் கூட்டி வைத்து நடந்ததைக் கட்டாயம் சொல்ல வைப்பதை உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது. 2011இல் வந்த அதன் உளவியல் முதலுதவிக் கையேட்டில் உள்ளது, பார், கேள், உதவியோடு இணைத்து விடு, கதைக்கச் சொல்லி நெருக்காதே என்பதுதான். எங்கள் வடக்கிலேயே 9 முதல் 12 வயதான 399 பிள்ளைகளை வைத்து, பாடசாலையில் ஐந்து கிழமையில் 15 குழு அமர்வுகள் நடத்திப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. மனவடு அறிகுறிகளில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை, அமர்வுக்குப் போன பெண்பிள்ளைகள் போகாதவர்களை விடக் குறைவாகவே தேறியிருந்தார்கள்.

ஆனால் பாடம் நடந்தால் எல்லாம் சரி என்பதை நான் ஏற்கமாட்டேன். கம்பஸ் போனவர்களை எண்ணுகிறீர்கள் சேர், வகுப்புக்குத் திரும்பி வராதவர்களை யார் எண்ணினார்கள்? மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே இங்கே வைத்தியமும் செய்து, பிள்ளைகளின் நிலையை எழுதியும் வைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் மனவடு அறிகுறி கடுமையாக இருந்த 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே தனித்தனியாக ஆறு அமர்வு செய்தார்கள். பாதிப் பேர் நடந்ததை ஒழுங்காகக் கதையாகச் சொன்னார்கள், மற்றவர்களுக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள். தேவைப்படுகிற பிள்ளையைக் கண்டுபிடித்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும், பழக்கப்பட்ட ஆள் செய்ய வேண்டிய வேலை இது.

வடமராட்சி வாத்தியார்:
ஒரு வகுப்பில் நாற்பது பேர், யார் கண்டுபிடிப்பது? தெல்லிப்பழை மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினால் அடுத்த நாளே ஊர் விசர் என்று பெயர் வைத்துவிடும். பெண்பிள்ளை என்றால் கலியாணப் பேச்சு வரைக்கும் அது வரும். ஊர்வாயை எந்த ஆய்வும் மூடாது தம்பி.

ஏஎல் 2025:
சேர், கோபிக்காதீர்கள். எங்கள் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே புயலால் நின்றது. படித்து முடித்த பாடத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் இருந்தோம். வகுப்புகள் திரும்பத் தொடங்கியது உண்மையிலேயே உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் தகரத்தில் மழை விழுந்தால் இன்றைக்கும் எனக்கு நித்திரை இல்லை, அதைச் சொன்னபோது ஒரு ஆசிரியர் "ஷெல்லுக்குள்ளே நாங்கள் படிக்கவில்லையா" என்றார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என் சிநேகிதன் ரியூசனுக்கே வருவதில்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

சுன்னாகம் சுதன்:
தம்பி, ஒரு மாதம் தாண்டியும் நித்திரை வரவில்லை என்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், பெயர் சொல்லாமலும் கதைக்கலாம். சிநேகிதனின் வீட்டுக்கு நீங்களே ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

கண்டுபிடிப்பது யார் என்று கேட்டீர்கள் சேர். வகுப்பாசிரியர்தான். வரவு இடாப்பு உங்கள் கையில், யார் வரவில்லை, யார் சத்தம் கேட்டுத் திடுக்கிடுகிறார், யார் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கொண்டு போகிறார் என்பது வெளியிலிருந்து வருகிற குழுவுக்குத் தெரியாது.

கோண்டாவில் அம்மா:
வட்டத்தில் இருத்த வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பள்ளிக்கூடத்து உளவளத்துணை ரீச்சர் தனியாகப் பார்க்கட்டும் என்றும் கேட்பேன். மகளிடம் சொன்னேன், ரீச்சர் என்றால் சரி என்கிறாள்.

வடமராட்சி வாத்தியார்:
நல்லது. ஆனாலும் பரீட்சை முடியட்டும் தங்கச்சி, இப்போது மனதைக் கிளற வேண்டாம்.

சுன்னாகம் சுதன்:
பரீட்சை வரை பொறுக்க வேண்டாம் அக்கா. நித்திரையும் சாப்பாடும் இல்லாத பிள்ளை எதைப் படிக்கும்? திங்கட்கிழமையே போய் ரீச்சரைக் காணுங்கள்.