வீட்டோடு வந்த ஃபிரிட்ஜ் பழுதானால் மாற்றித் தர வேண்டியது யார்?

ஈரச்சுவர்:
ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாம் உள்ள வீடு என்று சொல்லித்தான் வாடகை பேசினார்கள். அதற்காகவே கூடுதல் வாடகைக்குச் சம்மதித்தேன். இப்போது ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் போய்விட்டது. பார்த்த மெக்கானிக், இதற்கு மேல் செலவு செய்வது வீண் என்று சொல்லிவிட்டார். ஓனரோ, "வயசான பொருள், போனால் போனதுதான். வேணும்னா நீங்களே வாங்கிக்குங்க" என்கிறார். வாடகை மட்டும் குறையாமல் வர வேண்டுமாம். மாற்றித் தரும்வரை வாடகையைக் குறைத்துத்தான் கொடுக்கப்போகிறேன். தவறு என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மாடிப்படி:
தவறுதான். நானும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன். அந்த வாடகையில்தான் வீட்டுக்கடன் தவணை போகிறது. உங்களைப் போல ஆளாளுக்குக் குறைத்துக்கொண்டால் வங்கி எனக்குக் குறைத்துக்கொள்ளுமா?

சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் பழுதுகளைப் பிரித்தே போட்டிருக்கிறார்கள். கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் தலையில். கீசர் பழுது, சுவிட்ச், மின்சாதனப் பழுதும் மாற்றமும் குடியிருப்பவர் பொறுப்பு. ஃபிரிட்ஜ் மின்சாதனம் இல்லையா?

கறுப்புமை:
மாடிப்படி சார், அந்தப் பட்டியல் சரி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒப்பந்தம்தான் நிற்கும், அதை விட்டுவிட்டீர்கள். அதோடு அது மாதிரிச் சட்டம். ஒரு மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் அங்கே செல்லும்.

ஈரச்சுவர், முதலில் அக்ரிமென்டை எடுங்கள். பொருள்களின் பட்டியல் அதில் இருக்கிறதா? "பயன்படுத்தும் நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்பது போல ஒரு வரி இருக்கிறதா? பழுது யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? எதுவுமே இல்லையென்றால் வீடு காட்டியபோது வந்த விளம்பரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். ஃபிரிட்ஜைக் காட்டித்தான் வாடகை பேசினார் என்பதற்கு அவைதான் சாட்சி.

ஜன்னலோரம்:
எல்லா இடத்திலும் வாடகைதாரர் கைகட்டி நிற்பதில்லை. ஜெர்மனியில் சிவில் சட்டத்தின் 536-ஆம் பிரிவின்படி, குறை வீட்டின் பயன்பாட்டைக் கணிசமாகப் பாதித்தால் அந்தக் காலத்துக்கு வாடகை தானாகவே குறையும். ஓனர் மனம் வைத்துக் குறைக்க வேண்டியதில்லை. குறையை உடனே தெரிவித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரச்சுவர் கேட்பது ஒன்றும் அநியாயமில்லை.

மாடிப்படி:
இங்கிலாந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு வெந்நீர், அறையைச் சூடாக்கும் கணப்பு, தண்ணீர், எரிவாயு, மின் இணைப்புகளை ஓனர் பழுதுபார்க்கச் சொல்கிறது. அந்த மின்சாரத்தில் ஓடும் மற்ற சாதனங்களை அந்தக் கடமையிலிருந்து விலக்கிவிடுகிறது. வெந்நீர் இல்லாமல் குடியிருக்க முடியாது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் வசதி, குடியிருப்புக்கு அடிப்படை இல்லை.

ஈரச்சுவர்:
மருந்தைக் குளிரில் வைக்க வேண்டியவரிடம் போய் அது வெறும் வசதி என்று சொல்லுங்கள் பார்ப்போம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சொல்லுங்கள். வசதி என்றே வைத்துக்கொள்வோம். அந்த வசதியைக் காட்டித்தானே கூடுதலாக வாங்குகிறீர்கள்? வாங்கும்போது வாடகையில் சேர்த்தி, பழுதானால் இனாமா?

கறுப்புமை:
எது அடிப்படை என்பதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கலிபோர்னியாவில் நெடுங்காலம் ஃபிரிட்ஜ் கட்டாயம் இல்லை. 2026 ஜனவரி முதல் போடப்படும், நீட்டிக்கப்படும் ஒப்பந்தங்களில் வேலை செய்யும் அடுப்பும் ஃபிரிட்ஜும் ஓனர் கடமை. வாடகைதாரர் விரும்பினால் தன் ஃபிரிட்ஜைக் கொண்டுவரலாம், அவ்வளவுதான்.

ஆனால் ஈரச்சுவர், வாடகையில் கை வைக்காதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன். இன்று தவறு அவருடையது. நாளை வாடகை பாக்கி என்று காகிதத்தில் ஏறிவிட்டால் வழக்கு உங்கள் மேல் திரும்பும், காலிசெய்யச் சொல்ல அவருக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. ஓனர் செய்தே ஆக வேண்டிய பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யவில்லையென்றால், வாடகைதாரரே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். முடிச்சு "செய்தே ஆக வேண்டிய" என்பதில் இருக்கிறது. சுவரில் பொருத்திய கீசரை வீட்டின் பகுதி என்று வாதிடுவது எளிது. தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஃபிரிட்ஜுக்கு அக்ரிமென்டில் வரி வேண்டும்.

ஜன்னலோரம்:
அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். முன்பு இருந்த வீட்டில் வாஷிங் மெஷின் போனபோது ஓனர் வாய்வார்த்தையாகச் சரி சொன்னார், நான் புதிது வாங்கினேன். காலிசெய்யும்போது அது வீட்டோடு சேர்ந்தது என்று சொல்லி எடுக்க விடவில்லை. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று டெபாசிட்டிலும் பிடித்தார். அதனால் நீங்களே வாங்குவதானால், புதியது உங்களுடையது என்று எழுதி வாங்குங்கள், பில்லை உங்கள் பெயரில் போடுங்கள். ஓடாத பழையதை ஓனர் எடுத்துப்போகும்வரை தூக்கி எறியாதீர்கள், அது அவர் பொருள்.

மாடிப்படி:
இது நியாயமான பேச்சு, அந்த ஓனர் செய்தது தவறு. ஆனால் ஓனர் தரப்பில் ஒரு கேள்வி. கதவைத் திறந்தே போட்டு, கத்தியால் ஐஸைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டு "வயசாகிப் போச்சு" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை யார் தீர்ப்பது?

கறுப்புமை:
மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் அறிக்கை. தேய்மானமா, கையாண்ட விதமா என்பதை அவர் எழுத வேண்டும். முடிந்தால் ஓனர் தன் ஆளையும் அனுப்பிப் பார்க்கட்டும்.

ஈரச்சுவர்:
அக்ரிமென்டைப் பார்த்தேன். பட்டியலில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. பழுது யார் பொறுப்பு என்ற வரி இல்லை. வாடகையை இந்த மாதம் முழுதாகவே கொடுத்துவிடுகிறேன். ஓனருக்கு அனுப்ப இதை எழுதியிருக்கிறேன்:

"ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை. மெக்கானிக் அறிக்கையை இணைத்துள்ளேன். தாங்களும் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். மாத முடிவுக்குள் மாற்றித் தரவும், அல்லது ஃபிரிட்ஜைப் பட்டியலிலிருந்து நீக்கி அதற்கேற்ப வாடகையைக் குறைத்து எழுதித் தரவும். இரண்டும் இல்லையெனில் சட்டப்படி மேல்நடவடிக்கை எடுப்பேன்."

மாடிப்படி:
கடைசி வரியை எடுத்துவிடுங்கள். எனக்கு இப்படி வந்தால் அந்த வரியைப் பார்த்ததுமே வக்கீலிடம்தான் போவேன். மற்றதைப் படித்தால் உட்கார்ந்து பேசுவேன்.

ஈரச்சுவர்:
முதல் கடிதத்தில் எடுத்துவிடுகிறேன். மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தில் அந்த வரி இருக்கும்.