நத்தார் தாத்தா உண்மையா எண்டு பிள்ளை கேட்டால்?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை): மகளுக்கு 8 வயது. "அது அப்பாதான்" எண்டு பள்ளிக்கூடத்தில ஆரோ சொல்லிப்போட்டினம். தம்பிக்கு 4 வயது. என்ன சொல்லுறது?

பதில்: முதல்ல "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" எண்டு கேளுங்கோ. சந்தேகம் முத்தியிருந்தால் மழுப்பாதேங்கோ. ஒரு பொய்யைக் காக்க இன்னொண்டு சொல்லேக்கதான் நம்பிக்கை உடையும். டிசம்பர் 24 இரவு மட்டும் சொல்ல வேண்டாம், அழுகையோடதான் நள்ளிரவுப் பூசை!

பதில்: நத்தார் தாத்தாக் கதைக்கு மூலமான புனித நிக்கலஸில தொடங்குங்கோ. 4ஆம் நூற்றாண்டு, இன்றைய துருக்கியிலுள்ள மைராவின் ஆயர். திருநாள் டிசம்பர் 6, அண்டைக்கே சொல்லலாம். ஆள் உண்மை, கலைமான் வண்டி பிற்காலச் சேர்க்கை.

பதில்: தம்பியின்ர பரிசை இந்தமுறை அவவே சுத்தி ஒளிக்கட்டும். பொறுப்புக் குடுத்தால் ரகசியம் வெளிய வராது. நத்தார் தாத்தாவின்ர பரிசுக்கு, வீட்டுப் பரிசு சுத்தின அதே தாள், அதே கையெழுத்து வேண்டாம். பிள்ளைகள் பிடிக்கிறது அதிலதான்.