அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள்: மனசை விட்டுப் போகாத ஒரு தருணம் (அனுபவப் பகிர்வு)

கவாத்துத்திடல்
மாவட்ட ஆயுதப்படை மைதானம். பெயர் வாசித்துக்கொண்டிருந்த அதிகாரி தாளைத் திருப்பினார். காலையில் தூறல், தாள் ஈரம். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்விட்டன. அவருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்றவருக்கும் தெரியவில்லை. தெரிந்தது குடும்பத்தார் வரிசையில் இருந்த ஓர் அம்மாவுக்கு மட்டும்தான். நம் மாநிலப் பெயர்கள் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தவர், அடுத்த மாநிலத்தின் பெயர் வந்ததும் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார். மகன் பெயர் வரவே இல்லை.

இதைத் தடுக்க ஒரு செலவும் கிடையாது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் இந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுக்கப் பணியில் உயிர்நீத்தவர்கள்தான் பட்டியலில் வருவார்கள். சில ஆண்டுகளில் இருநூறைத் தாண்டும். ஒரு பெயருக்கு நாலு நொடி வைத்தால்கூட 200 பெயருக்குப் பதின்மூன்று நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கெட்டித் தாளில், ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். ஒரு பெயர் இரண்டு பக்கத்தில் உடையக் கூடாது. ஒவ்வொரு தாளையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வளையக் கோப்பில் மாட்டுங்கள். தாளின் அடியில் அதுவரை வந்த பெயர்களின் எண்ணிக்கையைப் பென்சிலில் குறித்துவிட்டால், ஒன்று விட்டாலும் அடுத்த தாளிலேயே பிடிபடும். நாகாலாந்து, மணிப்பூர், காஷ்மீர்ப் பெயர்களை மூன்று நாள் முன்பே தமிழில் எழுதி, மத்தியப் படையில் பணியாற்றிய ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மேடை ஏறி முதல்முறை படிப்பவர் தடுமாறாமல் இருக்க மாட்டார்.

வேலூர்க்காற்று
தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியாகத் தொடங்குவதே அக்டோபர் 20 வாக்கில்தான். மறுநாள் இந்த நிகழ்ச்சி. மழைக்குத் திட்டமில்லாமல் இதை நடத்தவே கூடாது.

மனசில் நிற்பது பியூகிள் என்ற ஊதுகருவி. சீனப் போரில் பத்து பேர் போன நாளுக்கான லாஸ்ட் போஸ்ட் (இறந்தவர்களுக்கு மரியாதையாக ஊதும் இசை), மேல் சுரத்துக்கு ஏறும் இடத்தில் உடைந்தது. மைதானமே ஒரு கணம் தவித்தது. ஊதிய பையனைக் குறை சொல்ல மாட்டேன். பியூகிளில் விசையே கிடையாது, எல்லாச் சுரமும் உதட்டு இறுக்கத்தில்தான் வர வேண்டும். முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்க வைத்துவிட்டுத் திடீரென்று ஊதச் சொன்னால் உதடு மரத்துக் கிடக்கும். நிகழ்ச்சிக்கு முன் கூட்டத்துக்குக் கேட்காத இடத்தில் அவரைப் பத்து நிமிடம் தாழ்ந்த சுரங்களை நீட்டி ஊத விடுங்கள். ஊதுவாயைக் கையில் மூடி வைத்துச் சூடாக வைத்திருக்கட்டும். உள்ளே தேங்கிய ஈரத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அணிக்குப் போகட்டும். முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஊதட்டும், ஒருவர் தவறினாலும் இசை அறுந்துபோகாது.

லே_சாலை
@வேலூர்க்காற்று, பியூகிள் பற்றிச் சொன்னது சரி. "சீனப் போரில்" என்பது தவறு. இதே பிழை ஆண்டுதோறும் மேடைகளிலும் வருகிறது. போர் 1962-ல். இது 1959.

அக்டோபர் 20 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து லனக் கணவாய்ப் பக்கம் மூன்று குழுக்கள் வேவு பார்க்கப் போயின. இரண்டு திரும்பின. இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் இருந்த மூன்றாவது குழு வரவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரி தலைமையில் சுமார் இருபது பேர் தேடிப் போனார்கள். குன்றின் மேலிருந்து சீனப் படை சுட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். உடல்கள் திரும்பக் கிடைத்தது நவம்பர் 13 அன்று. ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே காவல்துறை மரியாதையுடன் எரியூட்டினார்கள். 1960 ஜனவரியில் நடந்த காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில்தான் இந்த நாள் முடிவானது. இறந்தவர்கள் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையினர் என்றும் எழுதுகிறார்கள். அந்தப் படையே 1962 அக்டோபர் 24-ல்தான் உருவானது.

ஆண்டுதோறும் பல மாநிலக் காவலர்கள் சேர்ந்த அணி அங்கே போய் வணங்கிவிட்டு வரும். நம் ஊரிலிருந்து பெயர் கொடுக்கும் தம்பிகளுக்கு: உடம்பு உறுதியாக இருப்பது வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. ராணுவக் கணக்குப்படி 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள், அதற்கு மேல் 15,000 வரை நாலு நாள், அதற்கும் மேலே போக இன்னும் நாலு நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும். தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவர்கள்தான் லடாக்கின் லே நகரில் இறங்கிய அன்றே சுற்றிப் பார்க்கக் கிளம்பி, மூச்சு முட்டிப் படுத்துவிடுவார்கள். தலைவலியோடு வாந்தியும் இருந்தால் மேலே ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சு இரைத்தால், நடை தள்ளாடினால் உடனே கீழே இறக்க வேண்டும்.

த்ரீநாட்த்ரீ
இந்த நாளின் மரியாதைச் சூடு பற்றிச் செய்தியில் "63 குண்டுகள் முழங்க" என்று வரும். இன்னோர் ஊரில் 21, இன்னோர் ஊரில் 30. எது சரி என்று சண்டை போடுவார்கள். எல்லாம் சுடும் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்த கணக்கு. 21 பேர் மூன்று முறை சுட்டால் 63. ஏழு பேர் என்றால் 21, பத்துப் பேர் என்றால் 30. மூன்று முறை என்பதுதான் மாறாதது.

என்னை உறுத்துவது ஒரு வெடிக்காத தோட்டா. வெற்றுத்தோட்டா (குண்டு இல்லாமல் சத்தம் மட்டும் தருவது) நனைந்திருந்ததோ பழையதோ, ஊசி தட்டிய சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து ஆள் பதறி, தோட்டாவை வெளியே எடுக்கப் போல்ட்டை இழுக்கப் பார்த்தார். செய்யவே கூடாது. தாமதமாகவும் வெடிக்கலாம். குழலை மேல்நோக்கியே வைத்து, அசையாமல் அரை நிமிடமாவது நிற்க வேண்டும். அடுத்த சுற்றில் அவர் சுட வேண்டாம். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

வெற்றுத்தோட்டாதானே என்ற அலட்சியமும் வேண்டாம். குழல்வாயிலிருந்து வரும் சூடான வாயுவும் துகளும் கிட்டத்தில் கண்ணைப் பறிக்கும். குடும்பத்தார் உட்காரும் பக்கம் பார்த்து அணியை நிறுத்தாதீர்கள். எஸ்.எல்.ஆரில் (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) குழல்முனையில் வெற்றுத்தோட்டாவுக்கான அடைப்பு மாட்டாவிட்டால், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற முடியும். ஒத்திகையில் இதைச் சொல்லாவிட்டால் இரண்டாவது சுற்று சிதறும். சுட்டவர்களின் துப்பாக்கியில் தோட்டா அறையைச் சோதித்த பிறகே துக்க மரியாதைக்காகத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்ல வேண்டும், குழல்வாய் அவரவர் இடது பூட்ஸ் மேலேயே நிற்கப் போகிறது.

ஏலகிரி_அடிவாரம்
அக்டோபர் 21 பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். திருப்பத்தூரில் ஆகஸ்ட் 6 தனி நாள். 1980-ல் நக்சலைட்டுகளைப் பிடித்துக் காரில் கொண்டுபோகும்போது வெடிகுண்டு வெடித்து ஆய்வாளர் பழனிச்சாமியும் மூன்று காவலர்களும் இறந்தார்கள். அதன் பிறகு நடந்த தேடுதல் வேட்டைக்கு ஆய்வாளரின் சின்ன மகள் பெயரையே வைத்தார்கள், ஆபரேஷன் அஜந்தா. நினைவுத்தூணில் இன்றும் அந்தத் தேதியில் மலர் வளையம் வைக்கிறார்கள். அந்த நாலு பேருக்காக மட்டும் ஊர் நிற்கும் நாள் அது. பட்டியலில் ஒரு வரியாகப் போவதைவிட எனக்கு அதுதான் பெரிது.

கவாத்துத்திடல்
@ஏலகிரி_அடிவாரம், அண்ணே, இரண்டும் வேண்டும். 2020 ஜனவரி 8-ல் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் சுடப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன், அதே ஆண்டு ஆகஸ்ட் 18-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியான காவலர் சுப்பிரமணியன், இருவரும் ஒரே கணக்காண்டில் வருகிறார்கள். களியக்காவிளையில் நின்று கும்பிடுபவருக்குத் தூத்துக்குடிப் பெயரும் கேட்பது அந்த ஒரு காலையில்தான்.

பணிப்பதிவேடு
மலர் வளையம் வைத்துவிட்டு வந்த ஒரு மனைவி, கைப்பையிலிருந்து மடித்த காகிதக் கட்டை எடுத்து எழுத்தரிடம் நீட்டினார். ஓராண்டு ஆகியும் கோப்பு நகரவில்லை. காரணம் தலைப்பெழுத்து. பணிப்பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று.

யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன், பணியில் இருப்பவர்கள் இன்றே பாருங்கள். பணிப்பதிவேட்டில் நியமனதாரர் (நாமினி) யார்? கல்யாணத்துக்கு முன் எழுதிய அப்பா பெயரே பலருக்கு அப்படியே கிடக்கிறது. மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா?

இறப்பு நேர்ந்த பிறகு, அது பணியில் நேர்ந்தது என்பதை நிறுவும் காகிதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் புறப்பட்ட பதிவு, அன்றைய பணி ஒதுக்கீடு, வாகனப் பதிவேடு, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று. 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப் போன சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் திருச்சி நவல்பட்டு நிலையத்துக்காரர், வெட்டப்பட்டது புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம். இப்படி எல்லை தாண்டும் விரட்டலில் புறப்பாடு ஓரிடத்திலும் முதல் தகவல் அறிக்கை வேறிடத்திலும் இருக்கும். இரண்டு இடத்திலிருந்தும் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐந்து. இறப்புச் சான்று பத்து எடுத்தாலும் போதாமல் போகும். வாரிசுச் சான்று வட்டாட்சியரிடம். அதில் பெற்றோர் பெயர் விட்டுப்போனால் பின்னால் வழக்கு வரும். கருணை அடிப்படை வேலைக்கு மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். பிள்ளை சின்னவன், பதினெட்டு ஆகட்டும் என்று காத்திருந்து கெடு தாண்டிய வீடுகள் நிறைய. விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலூர்க்காற்று
@லே_சாலை, 1959 என்பதை ஏற்றுக்கொள்கிறேன் சார், மாற்றி எழுதிவிடுகிறேன்.
@பணிப்பதிவேடு, இந்தப் பட்டியலை நிகழ்ச்சிக்கு வரும் குடும்பத்தாரிடமும் கொடுக்கலாம். ஆனால் அன்று காலையில் வேண்டாம். அழைப்பு கொடுக்க வீட்டுக்குப் போகும் எழுத்தர் கையில் ஒரு தாள் இருந்தால், உட்கார்ந்து பேசவும் நேரம் இருக்கும்.