புதுப்பிப்பு: ஜங்ஷனில் களவுபோன சைக்கிள் சீட்

ஜங்ஷன் பக்கம் நிறுத்தியிருந்த என் சைக்கிளின் சீட்டைத் தண்டோடு உருவிவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் கடையில் வாங்கிய 25.4 மி.மீ. தண்டு லொடலொடவென்று ஆடியது. 'வெர்னியர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) வைத்து அளந்துட்டு வாங்கும்' என்று யோசனை சொன்ன அண்ணாச்சி சொன்னதுதான் சரி. பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஃபிரேம் குழாயின் உள்விட்டம் பார்த்தோம், 27.2. அந்த அளவுத் தண்டு கச்சிதமாக உட்கார்ந்தது.

தண்டை இறுக்கிப் பிடிக்கும், கையால் திறக்கும் லீவரை எடுத்துவிட்டு ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போட்டேன். சாவி நுழையாதபடி அதன் குழியில் ஒரு பால்ரஸ் (சின்ன இரும்புக் குண்டு), அது விழாமலிருக்க மேலே மெழுகு. அப்புறம் பழைய செயினைக் கிழிந்த டியூபுக்குள் நுழைத்து, சீட்டுக் கம்பியையும் ஃபிரேமையும் சேர்த்துச் சுற்றி, செயினின் இரு முனையையும் பின் (pin) அடித்து இணைத்தாயிற்று.

எதிர்பாராதது நம்ம ஊர் வெயில்தான். மூன்றே நாளில் மெழுகு இளகி பால்ரஸ் விழுந்துவிட்டது! இப்போது சிலிக்கான் பசை. சீட்டை ஏற்றி இறக்க வேண்டுமென்றால் கோணூசியால் நெம்பினால் பசையும் பால்ரஸும் வந்துவிடும்.