தாத்தாவின் மாருதியில் செல்ஃப் சத்தம்: எங்கள் குடும்பக் குழுவில் இரண்டு நாள் உரையாடல்

ஞாயிறு

கதிர் (காலை 7:10): அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் 1997ஆம் ஆண்டு மாருதி 800 எஞ்சினை நான்கு மாத வேலைக்குப் பிறகு நேற்று முதன்முறையாக ஓட வைத்தேன். ஆனால் சாவியைத் திருப்பும்போது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் பக்கத்திலிருந்து இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் வருகிறது. ஒலிப்பதிவை மேலே அனுப்பியிருக்கிறேன். பட்டறையில் புது செல்ஃப் போடச் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா, பெரியப்பா?

பெரியப்பா (7:32): இப்போது வாங்காதே. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். சாவியைத் திருப்பிய நொடியிலா, எஞ்சினைச் சுற்றும் நேரம் முழுவதுமா, எஞ்சின் பிடித்து நீ சாவியை விட்ட பிறகா? முதலாவது என்றால் செல்ஃபும் எஞ்சினும் கோத்துக்கொள்ளும் பற்களையும், இரண்டாவது என்றால் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரையும் அதன் தண்டைத் தாங்கும் புஷ்ஷையும், மூன்றாவது என்றால் செல்ஃபின் நுனியிலுள்ள சிறு பல்சக்கரமான பினியன் பின்வாங்காமல் சிக்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கதிர் (7:41): திருப்பிய நொடியில்தான் வருகிறது, அதுவும் எல்லா முறையும் இல்லை. நேற்று பத்து முறை திருப்பியதில் மூன்று முறை வந்தது. அந்த மூன்றில் ஒரு முறை எஞ்சின் சுழலவே இல்லை, செல்ஃப் மட்டும் அலறியது.

அருண் (7:55): பேட்டரி இறங்கியிருக்கலாமா, மாமா? போன மாதம் என் நண்பனின் வண்டியில் 'டக் டக் டக்' என்று வந்தபோது பேட்டரிதான் காரணமாக இருந்தது.

பெரியப்பா (8:20): அது வேறு சத்தம், அருண். பேட்டரி பலவீனமாக இருந்தால், செல்ஃபின் மின்காந்த சுவிட்சான சோலனாய்டு இழுத்துப் பிடித்தவுடன் மோட்டார் கேட்கும் மின்சாரத்தில் வோல்ட் சரிந்து பிடி விட்டுப்போகும். பிடி விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கும். அந்த இழுபறிதான் 'டக் டக்' என்று கேட்கிறது. இருந்தாலும் அளந்துவிடுவது நல்லது. கதிர், மல்டிமீட்டரில் மூன்று அளவுகள் எடு. ஓய்வில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. அதே நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்து ஒயரின் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கதிர் (10:40): ஓய்வில் 12.5, சுற்றும்போது 10.4, எர்த்தில் 0.15.

பெரியப்பா (10:52): அப்படியென்றால் மின்சாரப் பக்கம் குறையில்லை. இனி சாக்பீஸ் எடு. எஞ்சின் தண்டின் முனையிலுள்ள கிராங்க் புல்லியில் ஒரு கோடும், அதற்கு நேராக அசையாத பாகத்தில் ஒரு கோடும் போடு. சாவியைத் திருப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் புல்லி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, சத்தம் வந்ததா இல்லையா என்று எழுதிவை.

அத்தை (11:30): அண்ணன் ஏன் இதைச் சொல்கிறார் என்று இயற்பியல் ஆசிரியையாக நான் விளக்குகிறேன். இந்த எஞ்சினின் மூன்று சிலிண்டரும் சேர்ந்து இரண்டு சுற்றில், அதாவது 720 பாகையில், மூன்று முறை காற்றை அமுக்குகின்றன. எஞ்சினை அணைத்ததும் வேகம் குறைந்து, ஏதாவது ஒரு சிலிண்டரின் அமுக்கத்தை எதிர்த்து மேலேற முடியாமல்தான் அது நிற்கும். ஆகவே அந்தத் தண்டின் மறுமுனையில் சுழலும் கனமான சக்கரமான பிளைவீல் ஏறக்குறைய 120 பாகை இடைவெளியுள்ள மூன்று இடங்களில் ஒன்றில்தான் எப்போதும் நிற்கிறது. அந்த மூன்று இடத்தில் பினியன் மோதும் பற்கள் மட்டுமே வருடக்கணக்காக அடிவாங்குகின்றன. நான்கு சிலிண்டர் வண்டியில் அது இரண்டு இடமாக இருக்கும்.

கதிர் (மாலை 6:15): பன்னிரண்டு முறை பார்த்தேன். சத்தம் வந்த நான்கு முறையும் கோடு ஒரே இடத்தில்தான் இருந்தது! அந்த இடத்தில் நிற்கும்போது நான்காவது கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினால் சத்தமே வரவில்லை.

பெரியப்பா (6:28): நன்றாகச் செய்திருக்கிறாய், கதிர். செல்ஃப் மோட்டாரில் மட்டும் கோளாறு இருந்தால் புல்லி எங்கே நின்றாலும் சத்தம் வரும். பிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையமான ரிங்கில் ஒரே இடத்தில் பல் போயிருக்கிறது. சரியான பல்லில் பினியன் முட்டினால், மோட்டார் கொஞ்சம் சுழன்றதுமே அடுத்த இடைவெளியில் விழுந்து பிடித்துக்கொள்ளும். ஓரம் உடைந்த பல்லில் பிடிமானம் கிடைக்காமல் அது வழுக்கி அரைக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகே செல்ஃபைக் கழற்று. அந்த ஓட்டை வழியே விளக்கடித்து, எஞ்சினைக் கையால் சுற்றிக்கொண்டே ரிங்கின் எல்லாப் பற்களையும் பார். பினியனோடு சேர்ந்த ஒருவழிப் பிடிப்பான பெண்டிக்ஸை மட்டும் பெட்ரோலில் கழுவிவிடாதே, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். பல பட்டறைகளில் இந்தத் தவறைச் செய்து நல்ல பெண்டிக்ஸைக் கெடுப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

திங்கள்

கதிர் (மாலை 5:50): கழற்றிவிட்டேன். செல்ஃபைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று விரலாலேயே சுழன்று வந்தது. ரிங்கில் ஓரிடத்தில் ஆறு பற்களின் ஓரம் நொறுங்கியிருக்கிறது. மற்ற இரண்டு இடங்களும் மழுங்கியிருக்கின்றனவே தவிர உடையவில்லை. பினியனின் நுனியும் சிதைந்திருக்கிறது. பெண்டிக்ஸ் ஒரு பக்கம் சுழல்கிறது, மறுபக்கம் பிடிக்கிறது. போல்ட்டை முறுக்கிவிட்டால் மட்டும் போதுமா?

பெரியப்பா (6:05): போதாது. அந்த போல்ட் தளர்ந்ததால்தான் செல்ஃப் சாய்ந்து, பினியன் பல்லின் ஓரத்தில் மோதியிருக்கிறது என்று நினைக்கிறேன். முறுக்கினால் இனிமேல் உடைவது குறையும், உடைந்தது சரியாகாது. பினியனை மட்டும் மாற்றினால் பழைய ரிங் புதிய பினியனைத் தின்றுவிடும். மோட்டார் நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொள். பினியனோடு பெண்டிக்ஸும், ரிங்கும் புதிதாகப் போட வேண்டும். ரிங்குக்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பிளைவீலைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்தால் புது ரிங்கைச் சூடாக்கி விரியவைத்து இறக்குவார்கள், ஆறியதும் அது இறுகிக்கொள்ளும். பழைய ரிங்கையே மறுபக்கமாகத் திருப்பிப் போடும் வழக்கமும் உண்டு. புது ரிங் கிடைக்கும் வண்டிக்கு அது வேண்டாம்.

கதிர் (6:12): கியர்பாக்ஸ் இறங்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடலாமா?

பெரியப்பா (6:14): கட்டாயம் பார்க்க வேண்டும். செல்ஃபின் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடலாம். பித்தளை நிறத்தில் இருக்கும் அந்தப் புது புஷ்ஷை முந்தின நாளே எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டுவிடு.

அருண் (6:30): சனிக்கிழமை காலையில் வண்டியைத் தாங்கும் இரண்டு ஸ்டாண்டோடு நான் வந்துவிடுகிறேன்.

அத்தை (6:33): ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள், அதன் பிறகு வேலையைத் தொடங்கலாம்.